ஆறு சம்பளச் சீட்டு, இரண்டு கைத்தொகை: ஒரு மொண்டெனேக்ரோ விசா கோப்பின் மொழிபெயர்ப்பு ஆய்வு

மொண்டெனேக்ரோவின் அட்ரியாட்டிக் கடற்கரையில் டிவாட் என்றொரு சிற்றூர். யுகோஸ்லாவியக் காலத்தில் கடற்படைக் கப்பல்களைப் பழுதுபார்த்த இடத்தில் இப்போது போர்ட்டோ மொண்டெனேக்ரோ என்ற பெரிய உல்லாசப் படகுத்துறை இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள நிறுவனங்களில் வெளிநாட்டுக்காரர்களும் வேலை பார்க்கிறார்கள். இந்த ஆய்வில் வரும் கணவர் அப்படிப்பட்ட ஒருவர்: பிரிட்டிஷ் குடிமகன், மின்பொறியாளர், உள்ளூர் நிறுவனத்தில் மாதச் சம்பளம். மனைவி மொண்டெனேக்ரோ நாட்டவர். ஒரு குழந்தை. மூவரும் இங்கிலாந்துக்குக் குடிபெயர, 2025 ஜனவரி கடைசியில் மனைவியின் பெயரில் துணைவர் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது ஒரே குடும்பத்தின் கதை அல்ல. இந்த வகைக் கோப்புகளில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களை ஒரே கோப்பாகக் கோத்திருக்கிறேன். சம்பளக் கணக்கு மட்டும் அந்த நாட்டில் அந்த மாதங்களில் நடப்பிலிருந்த வரி விகிதங்களின்படி போட்டது.

கோப்பில் இருந்தவை: ஆறு மாதச் சம்பளச் சீட்டுகள், வேலை ஒப்பந்தம், நிறுவனம் கொடுத்த வேலைச் சான்று, வங்கிக் கணக்கு அறிக்கை, திருமணப் பதிவுச் சாறு (பதிவேட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கும் சான்று), மனைவியின் பிறப்புப் பதிவுச் சாறு, குழந்தையின் பிறப்புப் பதிவுச் சாறு, மனைவியின் பட்டச் சான்றிதழ். எல்லாம் மொண்டெனேக்ரிய மொழியில். சில லத்தீன் எழுத்தில், ஒன்று சிரிலிக் எழுத்தில். 2007-ல் வந்த அரசியலமைப்புச் சட்டம் இரண்டு எழுத்துகளுக்கும் சம உரிமை கொடுத்திருக்கிறது.

எந்தத் தொகையைப் பார்ப்பார்கள்?

மொழிபெயர்ப்பாளருக்கு இது தேவையில்லாத கேள்வி என்று பலர் நினைக்கிறார்கள். காகிதத்தில் இருப்பதை மொழிபெயர்த்தால் போதாதா? போதாது என்பதைத்தான் இந்தக் கோப்பு காட்டுகிறது.

2024 ஏப்ரல் 11 முதல், துணைவர் விசாவுக்கு அழைப்பவரின் ஆண்டு வருமானம் குறைந்தது 29,000 பவுண்டு இருக்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் விதி. அதற்கு முன் 18,600. மனைவி வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும்போது அவருடைய சம்பளம் கணக்கில் சேராது. பிரிட்டிஷ் கணவரின் சம்பளம் மட்டும்தான். கணவர் வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு மனைவியோடு திரும்புகிறார் என்றால் இரண்டைக் காட்ட வேண்டும். ஒன்று, வெளிநாட்டு வேலையில் கடந்த ஆறு மாதமாக அந்த அளவு சம்பளம் வாங்கியிருப்பது. மற்றொன்று, திரும்பி வந்த மூன்று மாதத்துக்குள் தொடங்கும், அதே அளவு சம்பளமுள்ள உறுதியான வேலை.

பார்க்கப்படுவது வரியும் பிடித்தமும் போவதற்கு முந்தைய மொத்தச் சம்பளம். யூரோவிலுள்ள தொகையைப் பவுண்டாக மாற்ற, விண்ணப்பிக்கும் நாளில் ஓயண்டா தளம் காட்டும் இறுதி மாற்று விகிதம் பயன்படும்.

கணவரின் மாத மொத்தச் சம்பளம் 3,000 யூரோ, ஆண்டுக்கு 36,000. ஒரு யூரோவுக்கு 83 பென்ஸ் என்று வைத்துக்கொண்டால் 29,880 பவுண்டு. எல்லையைத் தாண்டுகிறது, ஆனால் நூலிழையில். பிடித்தம் போகக் கையில் வரும் தொகையை வைத்துக் கணக்குப் போட்டால், அதிகமாக வந்த மாதங்களை எடுத்துக்கொண்டாலும் 23,500 பவுண்டைத் தொடாது. சீட்டிலுள்ள இரண்டு தொகைகளில் எது எது என்று தெளிவாகத் தெரியாவிட்டால் குடும்பம் விசாவை இழக்கும்.

சீட்டைப் பிரித்துப் பார்த்தால்

மொண்டெனேக்ரோ 2002 முதல் யூரோவைப் பயன்படுத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினர் இல்லை, யூரோ நாடுகளோடு ஒப்பந்தமும் இல்லை, தானாகவே எடுத்துக்கொண்டது. அதனால் நாணயத்தில் குழப்பம் இல்லை. எண்களை எழுதும் முறையில்தான் முதல் குழப்பம். அங்கே ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி, தசமத்துக்குக் காற்புள்ளி. மூவாயிரம் யூரோ என்பது 3.000,00 என்று அச்சாகும். இதை அப்படியே ஆங்கிலப் பக்கத்தில் ஒட்டினால், அவசரத்தில் படிப்பவர் கண்ணுக்கு மூன்று யூரோவாகத் தெரியலாம். மொழிபெயர்ப்பில் 3,000.00 என்று மாற்றி, எண்கள் மாற்றி எழுதப்பட்டுள்ளன என்று முதல் பக்கத்திலேயே ஒரு வரிக் குறிப்புப் போடுவதுதான் சரி. சில இடத்தில் மாற்றி, சில இடத்தில் மூலத்தில் இருந்தபடி விடுவது எல்லாவற்றையும்விட மோசம்.

தேதியும் அப்படியே. 05.11.2024. என்று வருடத்துக்குப் பின்னும் ஒரு புள்ளி வரும். மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் சந்தேகமே எழாது.

இனி சம்பளத் தொகைகள். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் சீட்டுகளில் கணக்கு இப்படி: மொத்தம் 3,000. ஊழியரிடமிருந்து ஓய்வூதியக் காப்பீட்டுக்கு 15 சதவீதம், அதாவது 450. வேலையின்மைக் காப்பீட்டுக்கு அரை சதவீதம், 15. வருமான வரியில் முதல் 700 யூரோவுக்கு வரி கிடையாது. 700-க்கு மேல் 1,000 வரை 9 சதவீதம், 27 யூரோ. 1,000-க்கு மேலுள்ள 2,000-க்கு 15 சதவீதம், 300 யூரோ. எல்லாம் போக 2,208.

இந்த வரி அமைப்பு 2022 ஜனவரியில் வந்தது. 'இப்போது ஐரோப்பா' என்ற பெயரில் நடந்த அந்தச் சீர்திருத்தம் சம்பளத்திலிருந்து பிடித்த மருத்துவக் காப்பீட்டுத் தொகையை ஒழித்தது, குறைந்தபட்சச் சம்பளத்தைக் கையில் 450 யூரோவாக உயர்த்தியது. 2022-க்கு முந்தைய சீட்டில் மருத்துவக் காப்பீட்டுப் பிடித்தம் இருக்கும், பிந்தையதில் இருக்காது. பழைய சீட்டை மாதிரியாக வைத்துக்கொண்டு வேலை செய்யும் மொழிபெயர்ப்பாளர்கள் இல்லாத பிடித்தத்தைத் தேடுவதும் உண்டு.

பிறகு சீட்டின் அடியில் இன்னொரு பகுதி: முதலாளி தன் பையிலிருந்து கட்டுபவை. முதலாளியின் ஓய்வூதியப் பங்கு 5.5 சதவீதம், இந்தச் சம்பளத்துக்கு 165 யூரோ. வேலையின்மைக்கு அரை சதவீதம், தொழிலாளர் நிதிக்கு ஒரு சிறு தொகை. அதோடு 'ப்ரீரெஸ்' என்ற நகராட்சிக் கூடுதல் வரி. இது சம்பளத்தின் மீது போடும் வரி அல்ல, வருமான வரியின் மீது போடும் வரி. டிவாட்டில் 13 சதவீதம். தலைநகர் போட்கொரிட்சாவிலும் செட்டின்யேயிலும் 15. 327 யூரோ வருமான வரிக்கு 13 சதவீதம் என்றால் 42 யூரோ 51 சென்ட். இதைச் சம்பளத்தின் 13 சதவீதம் என்று படிக்க வைக்கும் மொழிபெயர்ப்பைப் பார்த்தால் எந்த அதிகாரியும் கணக்கு இடிக்கிறதே என்று நிமிர்ந்து உட்காருவார்.

இந்த அடிப்பகுதியின் கடைசியில் முதலாளியின் ஆகமொத்தச் செலவு என்று ஒரு தொகை நிற்கும். ஜூலைச் சீட்டில் அது 3,200-ஐத் தாண்டும். மொழிபெயர்ப்பின் முதல் வரைவில் இதற்கும் மேலே உள்ள 3,000-க்கும் 'மொத்தம்' என்ற ஒரே சொல்லே போடப்பட்டிருந்தது. ஒரே பக்கத்தில் இரண்டு மொத்தம். அதிகாரி எதை எடுப்பார்? பெரியதை எடுத்தால் குடும்பத்துக்கு நல்லதுதானே என்று தோன்றலாம். நல்லதல்ல. நிறுவனத்தின் கடிதம் 3,000 என்று சொல்லும்போது சீட்டு 3,200 என்று சொன்னால் இரண்டில் ஒன்று பொய் என்ற எண்ணம்தான் வரும். திருத்திய வரைவில் மேலே உள்ளது 'ஊழியரின் மொத்தச் சம்பளம்', கீழே உள்ளது 'முதலாளியின் மொத்தச் செலவு' என்று ஆறு சீட்டிலும் ஒரே மாதிரி வந்தது.

அக்டோபரில் என்ன நடந்தது

ஆறு மாதங்களில் நான்காவது சீட்டில்தான் கோப்பின் பெரிய முடிச்சு. 2024 அக்டோபர் முதல் மொண்டெனேக்ரோ இரண்டாவது சுற்றுச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தது. ஊழியரின் ஓய்வூதியப் பிடித்தம் 15-லிருந்து 10 சதவீதமானது. முதலாளியின் 5.5 சதவீதம் முழுதாக நீங்கியது. குறைந்தபட்சச் சம்பளம் கையில் 600 யூரோ ஆனது. பட்டப்படிப்பு தேவைப்படும் வேலைகளுக்கு 800.

கணவரின் மொத்தச் சம்பளம் மாறவே இல்லை. ஆனால் ஓய்வூதியப் பிடித்தம் 450-லிருந்து 300 ஆக இறங்கியது. கைக்கு வருவது 2,208-லிருந்து 2,358 ஆக ஏறியது. முதலாளியின் செலவோ 165 யூரோ குறைந்தது. பக்கத்தின் மேலே ஒரு தொகை நகரவில்லை, நடுவில் ஒன்று ஏறுகிறது, அடியில் ஒன்று இறங்குகிறது. அந்த நாட்டின் சட்டம் தெரியாத ஒருவர் இதைப் பார்த்தால் சீட்டைத் தயாரித்தவர் எங்கோ கை வைத்திருக்கிறார் என்று நினைக்க முழு இடமும் இருக்கிறது.

செப்டம்பர் சம்பளம் அக்டோபரில் வந்ததால் இன்னொரு சிறு சிக்கல். இந்த நிறுவனம் அடுத்த மாதம் பத்தாம் தேதியை ஒட்டிச் சம்பளம் போடுகிறது. வங்கி அறிக்கையில் அக்டோபர் வரவு பழைய விகிதத்தில், நவம்பர் வரவு புதிய விகிதத்தில். சீட்டில் 'எந்த மாதத்துக்கு' என்று ஒரு வரியும் 'பணம் போட்ட நாள்' என்று ஒரு வரியும் தனித்தனியாக உண்டு. வரைவில் இரண்டும் 'தேதி' என்றே வந்திருந்தன. இரண்டையும் பிரித்து எழுதிய பிறகுதான் வரவுகள் சீட்டுகளோடு பொருந்தின.

இந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளர் என்ன செய்யலாம்? சட்டம் மாறியது என்று சீட்டின் மொழிபெயர்ப்புக்குள்ளேயே ஒரு பத்தி எழுதலாமா? கூடாது என்பது என் உறுதியான கருத்து. மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்பது காகிதத்தில் உள்ளதைப் புரிய வைக்க மட்டுமே. விண்ணப்பதாரருக்காக வாதாடுவதற்கு அல்ல. சீட்டில் விகிதம் அச்சாகியிருக்கிறது: அக்டோபருக்கு முன் 15, பின் 10. அந்த எண்கள் மொழிபெயர்ப்பில் தப்பாமல் வந்தாலே போதும். ஏன் மாறியது என்பதை விண்ணப்பத்தோடு வைக்கும் விளக்கக் கடிதத்தில் குடும்பமே எழுதியது, சட்டம் நடைமுறைக்கு வந்த மாதத்தைக் குறிப்பிட்டு. நிறுவனத்தின் கணக்காளரும் தன் கடிதத்தில் அதை ஒரு வரியில் சொன்னார்.

தடை அல்லாத தடை

சீட்டின் நிகரத் தொகை, அதாவது பிடித்தம் போக மிஞ்சுவது, 2,208. வங்கியில் வந்தது 2,088. அக்டோபர் சம்பளத்திலிருந்து நிகரம் 2,358, வங்கியில் 2,238. எல்லா மாதமும் 120 யூரோ குறைகிறது.

காரணம் சீட்டிலேயே இருந்தது. 'அட்மினிஸ்ட்ராட்டிவ்னா ஸாப்ரானா' என்ற பெயரில் ஒரு பிடித்தம். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'நிர்வாகத் தடை'. இயந்திர மொழிபெயர்ப்பு அப்படித்தான் கொடுத்திருந்தது. குடியேற்ற அதிகாரி ஒருவர் விண்ணப்பதாரரின் கணவர் மீது ஒவ்வொரு மாதமும் ஒரு நிர்வாகத் தடை விதிக்கப்பட்டிருப்பதாகப் படித்தால் என்ன நினைப்பார்? உண்மையில் அது பழைய யுகோஸ்லாவிய நாடுகள் எங்கும் புழக்கத்தில் உள்ள மிகச் சாதாரண ஏற்பாடு. கடனுக்கோ தவணைப் பொருளுக்கோ, ஊழியர் தன் சம்மதத்தோடு, சம்பளத்திலிருந்து நேராகத் தவணையைப் பிடித்துக் கட்டும்படி முதலாளியிடம் சொல்வது. நம் ஊரில் கூட்டுறவுச் சங்கக் கடனைச் சம்பளத்தில் பிடிப்பார்களே, அதேதான்.

'ஊழியரின் சம்மதத்தோடு சம்பளத்தில் பிடிக்கப்படும் கடன் தவணை' என்று மொழிபெயர்த்து, மூலச் சொல்லையும் பக்கத்திலேயே கொடுத்தார்கள். அந்த ஒரு வரியில் 120 யூரோ வித்தியாசம் தீர்ந்தது. மொத்தச் சம்பளக் கணக்கை இந்தப் பிடித்தம் தொடவில்லை; வங்கி வரவு சீட்டோடு பொருந்தவில்லை என்ற கேள்வியும் எழவில்லை.

வேலை ஒப்பந்தத்திலும் இதே ரகத்தில் ஒரு சொல். ஒப்பந்தம் 'நிர்ணயிக்கப்படாத காலத்துக்கு' என்று சொல்கிறது. படிப்பவருக்கு வேலை எப்போது போகும் என்று தெரியாதது போல் இருக்கும். அங்கே அதற்குப் பொருள் நிரந்தர வேலை. காலக்கெடு இல்லாத ஒப்பந்தம். நிறுவனம் தரும் கடிதத்தில் வேலை எந்த வகை என்று சொல்ல வேண்டும் என்பது விசா விதியிலேயே இருப்பதால், இந்தச் சொல்லில் தடுமாற இடமில்லை.

நிறுவனப் பெயருக்குப் பின்னால் வரும் 'டி.ஓ.ஓ.' என்ற சுருக்கத்தை ஆங்கிலத்தின் 'லிமிடெட்' ஆக்கிவிடுவது பலருக்குப் பழக்கம். அப்படி ஆக்கினால் மொண்டெனேக்ரோ பதிவேட்டில் அந்தப் பெயரில் ஒரு நிறுவனமும் இருக்காது. பெயரை அப்படியே விட்டு, வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம் என்று ஒருமுறை விளக்கினால் போதும்.

மொழிபெயர்ப்பால் சரி செய்ய முடியாதது

நிறுவனம் முதலில் கொடுத்த வேலைச் சான்று ஒரே பக்கம். வங்கிக் கடனுக்குக் கொடுக்கும் மாதிரியில் இருந்தது: இன்னார் இங்கே வேலை செய்கிறார், கடைசி மூன்று மாதத்தில் பிடித்தம் போகச் சராசரிச் சம்பளம் இவ்வளவு. கடன் கொடுக்கும் வங்கிக்குக் கையில் வருவதுதான் முக்கியம், அதனால் அந்தப் படிவத்துக்கு அது சரியே.

விசாவுக்கோ அந்தக் கடிதம் நான்கு விஷயங்களைச் சொல்ல வேண்டும்: வேலையும் ஆண்டு மொத்தச் சம்பளமும்; எவ்வளவு காலமாக வேலை; இந்த அளவு சம்பளம் எப்போதிலிருந்து; வேலையின் வகை. வங்கிப் படிவத்தில் இவற்றில் பாதிகூட இல்லை.

இங்கே குடும்பத்தினர் மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டது, இத்தகைய கோப்புகளில் அடிக்கடி கேட்கப்படுவது: "மொத்தச் சம்பளத்தையும் சேர்த்துப் போட்டுவிடுங்களேன், சீட்டில்தான் இருக்கிறதே." முடியாது. மூலத்தில் இல்லாத ஒரு எண்ணை மொழிபெயர்ப்பில் சேர்ப்பது, அது உண்மையான எண்ணாக இருந்தாலும், மொழிபெயர்ப்பாளர் கையெழுத்திட்டுக் கொடுக்கும் உறுதிமொழியைப் பொய்யாக்கிவிடும். அவர் எழுதித் தருவது 'இது மூலத்தின் சரியான மொழிபெயர்ப்பு' என்று. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் குடும்பம் பணம் கொடுக்கிறது. அதை உடைத்துவிட்டால் மிச்சம் எதுவும் இல்லை. பரிவோடு செய்தாலும் அதன் பெயர் பொய்ச்சான்று.

சரியான வழி எளிமையாகவே இருந்தது. நிறுவனத்திடம் புதிய கடிதம் கேட்டார்கள், நான்கு விஷயங்களோடும். நிறுவனத்தில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் இருந்ததால் கடிதமே இரண்டு பத்திகளாக, இரு மொழியில் வந்தது. அந்தக் கடிதத்துக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. பழைய வங்கிப் படிவம் கோப்பிலிருந்து வெளியே போனது.

பெயர்கள், ஊர்கள், எண்கள்

மனைவி பிறந்தது 1988-ல். பிறப்புப் பதிவில் ஊர் டிட்டோகிராட். பாஸ்போர்ட்டில் போட்கொரிட்சா. இரண்டும் ஒரே ஊர்தான். 1946 முதல் 1992 வரை மார்ஷல் டிட்டோவின் பெயரைத் தாங்கியிருந்தது. மொழிபெயர்ப்பில் டிட்டோகிராட் என்றே இருக்க வேண்டும். அடைப்புக்குள் 'இன்றைய போட்கொரிட்சா' என்று குறிப்பு. ஊரை மட்டும் புதிய பெயருக்கு மாற்றிவிட்டு, நாட்டை யுகோஸ்லாவியா என்று விட்டுவைத்த மொழிபெயர்ப்புகளும் உண்டு. நாட்டுப் பெயரும் இவருடைய வாழ்நாளில் பலமுறை மாறியிருக்கிறது: சோஷலிச யுகோஸ்லாவியா, 1992 முதல் இரண்டு குடியரசுகள் மட்டும் மிஞ்சிய யுகோஸ்லாவியா, 2003 முதல் செர்பியா மற்றும் மொண்டெனேக்ரோ, 2006 ஜூன் முதல் தனி நாடான மொண்டெனேக்ரோ. காகிதம் எந்த ஆண்டில் எழுதப்பட்டதோ அந்த ஆண்டின் பெயரே நிற்க வேண்டும்.

அவருடைய குடும்பப் பெயரில் 'டி' எழுத்தின் குறுக்கே கோடு போட்ட எழுத்து ஒன்று வருகிறது. உச்சரிப்பு 'ஜ' போல. சிரிலிக் எழுத்திலுள்ள பட்டச் சான்றிதழில் அது ஒற்றை எழுத்து. பழைய தட்டச்சு ஆவணங்களில் 'டி', 'ஜே' என்று இரண்டெழுத்தாக உடைந்திருக்கும். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் இந்தக் குறிகளுக்கு இடமே இல்லை. மூன்று எழுத்துமுறை, ஒரே பெண். எல்லா மொழிபெயர்ப்பிலும் பாஸ்போர்ட்டில் மேலே அச்சான வடிவத்தையே முதன்மையாக வைத்து, மூலம் வேறாக இருக்கும் இடத்தில் மட்டும் குறிப்புச் சேர்த்தார்கள்.

திருமணப் பதிவில் கணவரின் ஆங்கிலப் பெயர் ஒலிப்பின்படி எழுதப்பட்டிருந்தது. எப்படிப் பேசுகிறோமோ அப்படியே எழுது என்பது அந்த மொழியின் எழுத்து மரபு. வெளிநாட்டுப் பெயரும் அதற்குள் இழுக்கப்படும். அதைப் பாஸ்போர்ட் எழுத்துக்கு மௌனமாக மாற்றிவிடக் கூடாது. உள்ளபடி எழுதி, பாஸ்போர்ட் வடிவம் இன்னது என்று குறிப்பிட வேண்டும்.

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கோப்பில் இரண்டு விஷயங்கள் வீட்டு விஷயம் போல் இருக்கும். பட்டச் சான்றிதழில் மனைவியின் பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவில், அடைப்புக்குள், அப்பாவின் பெயர். நம் இனிஷியல் மாதிரி. அதை நடுப்பெயர் ஆக்கினால் பாஸ்போர்ட்டில் இல்லாத பெயருடைய இன்னொரு பெண் பிறந்துவிடுவார். மற்றொன்று வேற்றுமை உருபு. அங்கும் பெயரோடு உருபு ஒட்டும். 'மிலானுக்கு வழங்கப்படுகிறது' என்ற பொருளில் வரும் வாக்கியத்திலிருந்து 'மிலானு' என்ற பெயரை உரித்தெடுத்த வரைவுகள் உண்டு. உருபைக் கழற்றி எழுவாய் வடிவத்தைத் தேடுவது தமிழ் தெரிந்தவருக்கு இரண்டாவது இயல்பு; ஆங்கிலம் மட்டும் தெரிந்த சரிபார்ப்பாளர் கண்ணில் இது படவே படாது.

சரிபார்க்கக் கைகொடுக்கும் எண்கள் இரண்டு. மொண்டெனேக்ரோ குடிமக்களின் அடையாள எண் 13 இலக்கம். முதல் ஏழும் பிறந்த நாள், மாதம், ஆண்டின் கடைசி மூன்று இலக்கம். அடுத்த இரண்டு பிறந்த பகுதி; போட்கொரிட்சாவுக்கு 21. அதற்கடுத்த மூன்று 500-க்குக் கீழே என்றால் ஆண், 500 முதல் பெண். கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம். பிறப்புச் சாற்றில் தட்டச்சுப் பிழையால் தேதி மாறியிருந்தால் இந்த எண் உடனே காட்டிக்கொடுக்கும். வங்கிக் கணக்கின் சர்வதேச எண் மொண்டெனேக்ரோவில் எப்போதும் 'எம்.இ. 25' என்றே தொடங்கும். வேறு ஏதாவது வந்தால் மொழிபெயர்த்தவர் கை தவறியிருக்கிறது என்று பொருள். இந்த எண்கள் ஒரு குடும்பத்தின் முழு அடையாளம் என்பதையும் மறக்கக் கூடாது. சம்பளச் சீட்டை இலவச மொழிபெயர்ப்புத் தளங்களில் ஏற்றிப் பார்ப்பது எனக்கு ஏற்புடையது அல்ல.

முத்திரை யாருடையது

மொண்டெனேக்ரோவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் என்ற பதவி உண்டு. நீதி அமைச்சகம் நியமிக்கும், வட்ட முத்திரை இருக்கும். இங்கிலாந்தில் அப்படி ஒரு பதவியே இல்லை. விசா விதி கேட்பதெல்லாம் இவைதான்: முழு மொழிபெயர்ப்பு, மூலத்தின் நகல், சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதி, தேதி, மொழிபெயர்ப்பாளரின் அல்லது நிறுவன அதிகாரியின் முழுப்பெயரும் கையெழுத்தும், தொடர்பு விவரம். போட்கொரிட்சாவின் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் செய்தாலும் சரி, லண்டனில் உள்ளவர் செய்தாலும் சரி, இத்தனையும் இருந்தால் செல்லும். வட்ட முத்திரை மட்டும் அழகாக இருந்து தொடர்பு விவரம் இல்லாவிட்டால் குறை குறைதான். இந்தக் கோப்பின் முதல் வரைவில் தேதி இல்லை.

'முழு மொழிபெயர்ப்பு' என்பதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். முத்திரையில் உள்ள வாசகம், கையால் எழுதிய குறிப்பு, 'எம்.பி.' என்ற முத்திரை வைக்கும் இடத்தின் குறி, வெறுமையாக விட்ட கட்டம், படிக்க முடியாத கையெழுத்து: எல்லாம் மொழிபெயர்ப்பில் இடம்பெற வேண்டும்.

குடும்பத்தினரிடம் யாரோ எல்லாச் சீட்டுக்கும் அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்ல அரசு போடும் சான்று) வாங்கச் சொல்லியிருந்தார்கள். பணம் வீண். 1961-ன் ஹேக் ஒப்பந்தம் பொது ஆவணங்களுக்கானது. சம்பளச் சீட்டு தனியார் நிறுவனம் கொடுக்கும் தனி ஆவணம். நோட்டரி அதிலுள்ள கையெழுத்துக்குச் சான்று கொடுத்தால், அந்த நோட்டரிச் சான்றுக்குத்தான் அப்போஸ்டில் போட முடியும். இங்கிலாந்தின் இந்த விசா அதைக் கேட்கவே இல்லை.

நாடு மாறினால் விடையும் மாறும். ஜெர்மன் அலுவலகங்கள் பொதுவாக ஜெர்மனியிலேயே சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும். அங்கே அப்போஸ்டில் வாங்கிய பிறகே மொழிபெயர்க்க வேண்டும், ஏனென்றால் அப்போஸ்டிலும் மொழிபெயர்ப்புக்குள் வர வேண்டும். அமெரிக்கக் குடியேற்றத் துறைக்கு முழுமையானது, சரியானது, எனக்குத் தகுதி உண்டு என்று மொழிபெயர்ப்பாளர் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். ஆஸ்திரேலியாவில் நாட்டி என்ற அந்நாட்டு மொழிபெயர்ப்பாளர் சான்றளிப்பு அமைப்பின் சான்று பெற்றவர் வேண்டும். தமிழுக்கும் அந்தச் சான்று இருப்பது நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

1976-ல் வியன்னாவில் கையெழுத்தான ஒப்பந்தப்படி மொண்டெனேக்ரோ நகராட்சிகள் பிறப்பு, திருமணச் சாறுகளைப் பன்மொழிப் படிவத்திலும் கொடுக்கின்றன. ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி போன்ற உறுப்பு நாடுகளில் அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். இங்கிலாந்து அந்த ஒப்பந்தத்தில் இல்லை. அதனால் மூன்று சாறுகளும் மொழிபெயர்க்கப்பட்டன.

இருபத்தெட்டு நாள்

வருமானச் சான்றுகளில் கடைசியானது விண்ணப்ப நாளுக்கு 28 நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. டிசம்பர் சீட்டு ஜனவரி பத்தை ஒட்டித்தான் வரும். ஆறு சீட்டையும் மொத்தமாக அப்போது மொழிபெயர்க்கக் கொடுத்து, அதன்பின் திருத்தம், மறுதிருத்தம் என்று போனால் மாதமே ஓடிவிடும். எனவே திருமண, பிறப்புச் சாறுகளும் பட்டச் சான்றிதழும் நவம்பரில் முடிந்தன. ஜூலை முதல் நவம்பர் வரையிலான ஐந்து சீட்டுகளும் ஒப்பந்தமும் டிசம்பரில். சொற்பட்டியல் அப்போதே உறுதியாகிவிட்டதால் டிசம்பர் சீட்டுக்கும் கடைசி வங்கிப் பக்கத்துக்கும் ஜனவரியில் அதிக நேரம் பிடிக்கவில்லை. நிறுவனத்தின் இருமொழிக் கடிதம் அதே வாரத் தேதியோடு வந்தது.

விண்ணப்பத்தோடு போனவை: ஆறு சீட்டும் அவற்றின் மொழிபெயர்ப்பும், வங்கி அறிக்கையும் மொழிபெயர்ப்பும், ஒப்பந்தம், நிறுவனக் கடிதம், இங்கிலாந்து வேலைக்கான உறுதிக் கடிதம், மூன்று சாறுகள், பட்டச் சான்றிதழ், ஒரு பக்க விளக்கக் கடிதம். விளக்கக் கடிதத்தில் ஒரு சிறு அட்டவணை: மாதம், மொத்தச் சம்பளம், நிகரம், கடன் தவணை, வங்கியில் வந்தது. ஆறு வரிகள். மொழிபெயர்ப்பில் பயன்படுத்திய சொற்களே அட்டவணையின் தலைப்புகளாகவும் இருந்தன.

சாறுகளின் மொழிபெயர்ப்பை மனைவி பத்திரமாக வைத்திருக்கிறார். இங்கிலாந்துக்குள் இருந்துகொண்டு விசாவை நீட்டிக்கும்போது விதி இன்னும் ஒன்றைக் கேட்கும்: தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரின் சான்றும் அவருடைய தகுதி விவரமும். சாறுகளை மொழிபெயர்த்தவரிடம் அந்த விவரங்களை இப்போதே எழுதி வாங்கிக்கொண்டார்கள். சம்பளச் சீட்டுகளுக்கு அது தேவையில்லை. நீட்டிப்பின்போது பார்க்கப்படுவது அங்கே வாங்கும் சம்பளம்.